பிஸ்கட் டப்பாவில் இருந்த சொல்

ஈப்போவுக்குத் தெற்கே, கல்லுடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு சுண்ணாம்பு மலை. அதன் அடியில், ஒரு காலத்தில் வெடிமருந்து அடுக்கி வைத்திருந்த சிமெண்டுக் கட்டடத்தில் ஒரு சாமி இருந்தார்.

பெயர் நாகமுத்து. வயது நாற்பத்து நான்கு. அதே மலையில் வெடி வைத்தவர்தான். ஒருநாள் வெடி முந்திக்கொண்டது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. இடி, லாரி, மேளம், மழை எல்லாம் அவருக்குக் கேட்கும். மனிதர் பேச்சு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்து முணுமுணுப்பு மாதிரி விழும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். அதனாலோ என்னவோ, அவர் முன்னால் பொய் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

பவுனம்மா அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள். வானொலி நிலையத்தில் ஒலிநாடா வெட்டி ஒட்டுகிற வேலை. ஆறு வருஷமாக, மாதம் ஒருமுறை வந்து அவர் எதிரில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். சீடர் என்று அவர் யாரையும் சேர்த்துக்கொண்டதில்லை. இவள் தானாகச் சேர்ந்துகொண்டாள்.

"காத வச்சுப் பொழைக்கிறவ, காது கேக்காத சாமிகிட்டப் போயி என்னாத்தக் கேக்கறா?" என்று நிலையத்தில் கேலி செய்வார்கள்.

அன்று புதன்கிழமை, உச்சி வெயில். வழக்கமாக வருகிற நாளும் இல்லை, நேரமும் இல்லை. காரிலிருந்து நாடா ஓட்டும் கருவியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து சாமியின் முன்னால் வைத்தாள். ஒரு நாடாச் சுருள், ஒரு பிஸ்கட் டப்பா, நாலாக மடித்த ஒரு காகிதம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்கக்கா."

"உக்கார நேரமில்ல சாமி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லியாகணும்."

"நின்னா சீக்கிரம் வந்துருமா?"

உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஒரு வார்த்தையப் பத்திக் கேக்கணும்."

"கெட்ட வார்த்தையா?"

"அதத்தான் சாமி கேக்க வந்தேன்."

எந்த வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. அவள் வாயால் அதைச் சொல்லி முப்பது வருஷம் இருக்கும். நம் ஆட்களை மற்றவர்கள் கூப்பிட்ட பழைய பெயர் அது. ஆதியில் கடல் தாண்டி வந்த வியாபாரிக்கு வைத்த பெயர் என்கிறார்கள். அப்போது அதில் குறைவு ஒன்றும் இல்லையாம். பிறகு அது ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவனுக்கு ஆனது. பிறகு காறித் துப்பும்போது கூடவே வருகிற சொல்லாக ஆனது. இந்த நாட்டில் வளர்ந்த தமிழர் எவர் முதுகிலும், பள்ளிக்கூட வாசலிலோ பஸ்ஸிலோ, ஒருமுறையாவது அது வந்து விழுந்திருக்கும்.

காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். ஒலிபரப்பில் வரக்கூடாத சொற்களின் பட்டியல். மொத்தம் இருபத்தாறு. அந்தச் சொல் முதலாவது. மலாய்க்காரரையும் சீனரையும் காட்டில் இருக்கிற பூர்வகுடி அஸ்லிக்காரரையும் நம்மவர்கள் சொல்கிற சொற்களும் அதில் இருந்தன. நியாயம் என்றால் எல்லாருக்கும் நியாயம்.

"இது நான் டைப் அடிச்ச பட்டியல் சாமி. வேலைக்குச் சேந்த மறுவருஷம். மேலதிகாரிகிட்டச் சண்ட போட்டு வாங்கினேன். இன்னைக்கு வரைக்கும் வெட்டற ரூம்புல செவுத்துலதான் ஒட்டியிருக்கு. கேக்கறதுக்குக் கிழிச்சுட்டு வந்துட்டேன்."

அதை ஒட்டிய நாளில் அவள் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இனிமேல் இந்த ரேடியோவில் எவனும் எங்களை அப்படிக் கூப்பிட முடியாது என்று மூன்று நாள் கால் தரையில் படாமல் நடந்தாள்.

"நல்ல காரியந்தானே?" என்றார் சாமி.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

சுருளைக் கருவியில் மாட்டினாள்.

"எங்கப்பா பேட்டி. பழைய தோட்டத்து ஆளுங்கள வச்சு எடுத்தது. இருபத்தெட்டு வருஷமாச்சு. அதுல அவரு அந்த வார்த்தையச் சொல்லிட்டாரு. நாந்தான் வெட்டினேன்."

"அப்பான்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான். அப்பன்னு பாத்தா அப்புறம் பட்டியல் எதுக்கு?"

நாடா ஓடியது. அப்பா சடையப்பனின் குரல் வந்தது. சாமிக்குக் குரல் கேட்காது என்பதால், பவுனம்மா அவரைப் பார்த்து, அப்பா சொல்வதைக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தொரை மோட்டார நிப்பாட்டி, இங்க வான்னு கூப்பிட்டாரு. நான் போகல. மறுபடி கூப்பிட்டாரு. நான் நிமிரவே இல்ல. என் பேரு சடையப்பன்னு மட்டும் சொன்னேன். அன்னைக்கே வேல போச்சு. கட்டுன பொண்டாட்டிய இழுத்துக்கிட்டு நடந்தே அடுத்த தோட்டத்துக்குப் போனேன்."

நாடாவை நிறுத்தினாள்.

"'இங்க வா'ன்னு சொன்னதுக்கு முன்னாடிதான் சாமி அந்த வார்த்த. தொரை அதச் சொல்லித்தான் கூப்பிட்டான். நான் அத வெட்டி ரெண்டு முனையையும் ஒட்டிட்டேன். ஒட்டு தெரியாத மாதிரி ஒட்டுவேன். அதுல எனக்குப் பேரு."



அந்தப் பேட்டி ஒலிபரப்பான அன்று, தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பத்துப் பதினைந்து பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஏன்யா சடையப்பா, தொரை மனுசனாட்டம் கூப்பிட்டா போக வேண்டியதுதான? அம்புட்டுக் கொழுப்பா ஒனக்கு?" அதற்குப் பிறகு கோப்பிக் கடையில் அவரைப் பார்த்தால் யாராவது ஒருவர் "இங்க வா" என்பார்கள். மற்றவர்கள் "நான் போகல" என்பார்கள். ஊருக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது.

சடையப்பன் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த முறை பவுனம்மா வீட்டுக்குப் போனபோது அவளை மட்டும் கேட்டார்.

"வெட்டுனத எங்கம்மா போட்ட?"

"டப்பால இருக்குப்பா."

"பத்திரமா வையி."

வந்த தையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"பத்திரமாத்தான் சாமி வச்சிருக்கேன்," என்று பவுனம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே நாலு விரல் நீளத்தில் பழுப்புநிற நாடாத் துண்டுகள், புழுக்கூட்டம் மாதிரி சுருண்டு கிடந்தன. "அப்புறம் அந்த வார்த்தைய எங்க வெட்டினாலும் துண்ட வீச மனசு வரல. இதுலயே போட்டேன். நாப்பத்தொண்ணு இருக்கு. எதும்மேலயும் எழுதி வைக்கல. அப்பா கொரலு எனக்குத் தெரியாமலா போகும்னு நெனச்சுட்டேன்."

"தெரியலியா?"

"மூணு நாளா ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்துட்டேன். அர வினாடி சாமி. அந்த ஒத்த வார்த்தைய யாரு சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கு." டப்பாவுக்குள் விரலை விட்டுக் கிளறினாள். "பெத்த அப்பா சாமி. எதுன்னு தெரியல எனக்கு."

சாமி எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"இப்ப எதுக்கு அது?"

"வர்ற ஞாயித்துக்கிழம நெலயத்துல விழா. பழைய நாடாவெல்லாம் மறுபடி போடறாங்க. அப்பா பேட்டியும் இருக்கு. வெட்டினபடியே போனா செத்த மனுசன இன்னொருவாட்டி ஊரு சிரிக்கும். துண்ட ஒட்டிக் குடுத்தா பட்டியல் தடுக்குது. குணராஜா சாரு, எங்க மேலாளரு, நல்ல மனுசந்தான். என்னா சொன்னாரு தெரியுமா? 'ஒங்க பட்டியல், நீங்களே அந்த வார்த்தைய அடிச்சிட்டு வாங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அடிச்சா எல்லா நாடாவுக்கும் அடிச்சதுதான். ஒங்கப்பாவுக்கு மட்டும் ஒரு சட்டம்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?' அதுவும் நாயந்தானே? அதே ஞாயித்துக்கிழம ஒரு நகைச்சுவை நாடகமும் போகுது. அதுலயும் அந்த வார்த்த இருந்துச்சு."

மூச்சு வாங்கினாள்.

"ஒரே ஒரு பதில் சொல்லுங்க சாமி. அந்த வார்த்த ரேடியோவுல வரலாமா, வரக்கூடாதா?"

சாமி கருவியைக் காட்டினார்.

"இன்னொருக்கா ஓட்டுங்க."

ஓட்டினாள். சாமி தன் உள்ளங்கையை ஒலிபெருக்கிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பேச்சு முடிந்ததும் கேட்டார்.

"என்னமோ கொட்டுதே, என்னா அது?"

"எதுவும் கொட்டல சாமி."

"கொட்டுது."

பவுனம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போது கொட்டுகிறதா இல்லையா என்பதா கேள்வி? முப்பது வருஷமாக இரைச்சலைக் கழித்துப் பேச்சை எடுத்தே பழகியவள். பேச்சுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று கேட்கிற வழக்கமே விட்டுப்போயிருந்தது. மறுபடி ஓட்டி, வேண்டுமென்றே பேச்சை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"மழ," என்றாள். "லயத்துத் தகரக் கூரைல மழ பெய்யுது. அந்தக் கொரல எடுக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு!"

"சரி. டப்பால இருக்கறத எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே சுருளாக் குடுக்க முடியுமா?"

"எதுக்கு?"

"எனக்குக் கேக்கணும்."

பேச்சே காதில் விழாத மனிதர் நாற்பத்தொரு தடவை ஒரே வார்த்தையைக் கேட்டு என்ன செய்யப்போகிறார்? கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். ஒட்டும் பலகையையும் பிளேடையும் எடுத்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒலியில்லாத வெள்ளை நாடா ஒரு முழம் வைத்து ஒட்டினாள். கை வேலையில் இருந்தபோது கால் ஆடுவது கொஞ்சம் குறைந்தது. சாமி கோப்பி கலக்கி வைத்தார். அது ஆறிப்போனது. ஒட்டி முடித்தபோது வெயில் மலையின் அந்தப் பக்கம் போயிருந்தது.

ஓட்டினாள். முதல் துண்டு வந்தது. சாமி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"என்னா கேட்டுச்சு?"

"அந்த வார்த்தைதான்."

"அத மூணு நாளாக் கேட்டுட்டீங்க. எனக்கு அது கேக்கவும் கேக்காது. வேற என்னா இருக்கு?"

"அர வினாடில வேற என்ன சாமி இருக்கும்?"

"ஓட்டிப் பாருங்க."

மறுபடி ஓட்டினாள். காதைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கார் சத்தம். ரோட்டோரம்."

"மழையா?"

"இல்ல."

"அடுத்தது."

இரண்டாவதில் மின்விசிறி. மூன்றாவதில் ஒன்றுமில்லை, எதிரொலிகூட இல்லாத செத்த அறை. நாலாவதில் ஆரம்பத்தில் யாரோ இருமத் தொடங்கி நின்றது. ஒவ்வொன்றுக்கும் சாமி ஒரே கேள்வியைக் கேட்டார். "மழையா?" வெளியே ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஒன்பதாவது துண்டில் பவுனம்மாவின் முகம் மாறியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்னாக்கா?"

"பெரிய மண்டபம் சாமி. கொரலு சுத்தி வந்து விழுது. இது பினாங்குல அந்தப் பழைய பள்ளிவாசல்ல எடுத்தது. அந்தப் பேருலயே இந்த வார்த்த இருக்கில்ல? நூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் சொல்றாங்க, அங்க தொழப் போறவங்க யாரு கோவிச்சுக்கிட்டா? நான் அதையும் வெட்டிட்டேன். அப்புறம் பாதிப் பேரோட ஒலிபரப்பாச்சு. 'இது எந்த ஊர்ப் பள்ளிவாசல்'னு கேட்டு மூட்ட மூட்டயாக் கடுதாசி வந்துச்சு."

சாமியும் சிரித்தார். "அடுத்தது."

பதினாலாவதில் கண்ணாடிக் குவளை ஒன்று தட்டில் மோதியது.

"கோப்பிக் கட. ரெண்டு வயசானவங்க. ஒருத்தர் மலாய்க்காரரு, ஒருத்தர் நம்மாளு. சின்னதுல இருந்து ஒண்ணா மீன் பிடிச்சவங்க. அவரு இவர இந்த வார்த்த சொல்லிக் கூப்பிட்டாரு. இவரு அவர பதிலுக்கு ஒண்ணு சொன்னாரு. அதுவும் பட்டியல்ல ஏழாவது."

"ரெண்டையும் வெட்டிட்டீங்க."

"வெட்டிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணுமே சொல்லாம விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கேட்டவங்க பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாள் அவளுக்கு இதெல்லாம் நினைவே வரவில்லை. துண்டு துண்டுதான், டப்பா டப்பாதான் என்று இருந்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு துண்டும் தன் வீட்டு வாசலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது.

இருபத்துமூன்றாவது துண்டு ஓடியது.

பவுனம்மா பட்டென்று நாடாவை நிறுத்தினாள்.

"மழையா?"

"சிரிப்பு," என்றாள். "வார்த்தைக்குக் கடைசில ஒரு துளி ஒட்டிக்கிட்டு இருக்கு. கூட்டம் சிரிக்கத் தொடங்குது."

"யாரு?"

"அந்த நாடகந்தான். ஞாயித்துக்கிழம போடப்போறாங்கன்னு சொன்னேன்ல. அதுல ஒரு கெழவி தேங்கா விக்க வருவா. நம்மாளு. பேச்சு சரியா வராது. ஒருத்தன் அவள அந்த வார்த்த சொல்லி வெரட்டுவான். அவளுக்குப் பேரும் கெடையாது, வேற வேலயும் கெடையாது. வெரட்டினா சிரிக்கணும், அதுக்குத்தான் வர்றா. முந்நூறு பேரு சிரிச்சாங்க." சாமியின் பக்கம் திரும்பினாள். "நான் நாலாவது படிக்கறப்ப பஸ்ஸுல இதே சிரிப்பு கேட்டிருக்கேன் சாமி. எறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன்."

"இதுவும் கோப்பிக் கடைல அந்த மலாய்க்காரரு சொன்ன அதே வார்த்தைதானே?"

"அதே வார்த்ததான்."

"எழுத்து ஏதாவது கூடக் கொறைய இருக்கா?"

"இல்ல."

சாமி கோப்பிக் குவளையை நகர்த்தி வைத்தார். "அடுத்தது."

இருபத்து நான்கு. இருபத்தைந்து. பவுனம்மா இப்போது சாமி கேட்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டு போனாள். பேருந்து நிலையம். மின்விசிறி. பழைய சாசனத்தைப் படிக்கிற ஒரு பேராசிரியரின் கனைப்பு, பின்னால் காகிதம் புரளும் சத்தம். சேவல். மறுபடியும் மின்விசிறி.

முப்பத்திரண்டாவது துண்டு ஓடி முடிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாமி தன் கையை ஒலிபெருக்கியில் இருந்து எடுக்காமல் அவளைப் பார்த்தார்.

திருப்பி ஓட்டினாள். இன்னொருமுறை. இன்னொருமுறை.

அந்தச் சொல் அவள் காதில் விழவே இல்லை. அதன் முன்னாலும் பின்னாலும் அரைக்கால் வினாடி, தகரத்தின்மேல் சடசடவென்று ஒரு கொட்டல்.

"கொட்டுது," என்றார் சாமி.

"மழ," என்றாள் பவுனம்மா. "மழ சாமி. எங்கப்பா."

அழுதாள். அழுதுகொண்டே பிளேடை எடுத்தாள். அப்பாவின் நாடாவில் பழைய ஒட்டைத் தேடிப் பிரித்து, துண்டை நடுவில் வைத்துப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் முன்பு அவளே சாய்த்து வெட்டிய இரண்டு முனையும் இம்மியும் பிசகாமல் பொருந்தின. ஒட்டி, நகத்தால் தேய்த்து, ஓட்டினாள்.

சடையப்பன் பேசினார். மழை நடுவில் அறுபடாமல் பெய்தது.

"என்னா சொல்றாரு?" என்றார் சாமி.

"மொதல்ல சொன்னதுதான் சாமி. ஆனா தொரை அவர அந்த வார்த்த சொல்லி..."

"எந்த வார்த்த? குனிஞ்சுகிட்டுச் சொன்னா எனக்குத் தெரியாது. என்னப் பாத்துச் சொல்லுங்க."

பவுனம்மா நிமிர்ந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. பிரித்தாள்.

"தொரை மோட்டார நிப்பாட்டி, 'கிளிங், இங்க வா'ன்னு கூப்பிட்டாரு. நான் போகல. மறுபடி கூப்பிட்டாரு. நான் நிமிரவே இல்ல. என் பேரு சடையப்பன்னு மட்டும் சொன்னேன். அன்னைக்கே வேல போச்சு."

சொன்னால் வாய் கசக்கும் என்று நினைத்திருந்தாள். கசக்கவில்லை. வயிறு எரிந்தது. முகம் தெரியாத அந்தத் துரைமேல், எத்தனையோ வருஷம் கழித்து, இப்போதுதான் முதல்முறையாக எரிந்தது.

"சடையப்பன்," என்றார் சாமி.

"ஆமா சாமி. சடையப்பன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாத்தீங்களா நான் பண்ணுன வேலய? அப்பாவுக்கு அவமானம் வரக்கூடாதுன்னு வெட்டினேன். தொரையையில்ல காப்பாத்தி வச்சிருக்கேன்! அவன் மரியாதையாக் கூப்பிட்ட மாதிரியும் எங்கப்பா திமிரு புடிச்சவரு மாதிரியும்... எல்லாம் இந்தக் கையால."

எழுந்துவிட்டாள். குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கண்ணில் ஒரு வெறி வந்திருந்தது.

"அடிச்சிடறேன் சாமி. பட்டியல்ல இருந்து அந்த வார்த்தைய இப்பவே அடிச்சிடறேன். குணராஜா கேட்டதும் அதுதானே? மிச்ச நாப்பதையும் அதது எடத்துல கொண்டுபோயி ஒட்டிடறேன். இனிமே ஒரு துண்டுகூட வெட்ட மாட்டேன்."

பேனாவைத் திறந்தாள்.

சாமி சுருளைக் கையால் சுற்றினார். வெள்ளை நாடாக்களை எண்ணிக்கொண்டே போய் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இதையுந்தானே?"

இருபத்துமூன்றாவது துண்டு. பவுனம்மாவின் கை பேனாவோடு அப்படியே நின்றது.

"அது வேணாம்."

"அப்ப அடிக்காதீங்க."

"அடிக்கலன்னா எங்கப்பா?"

"அப்ப அடிங்க."

"சாமி, வெளையாடாதீங்க! அந்த மனுசன் ஒரே பதில் கேக்கறாரு. உண்டா, இல்லியா. நான் என்னன்னு போயி நிக்கறது?"

சாமி பட்டியலை வாங்கினார். படிப்பதில் அவர் கொஞ்சம் மெதுவு. விரலை வைத்து வரி வரியாக மேலிருந்து கீழே வந்தார். திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருபத்தாறு வார்த்த இருக்கு."

"ஆமா."

"மழ எங்க எழுதியிருக்கு?"

பவுனம்மா காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"அந்தச் சிரிப்பு?"

"அதெல்லாம் பட்டியல்ல எழுத முடியுமா சாமி?" அவள் உட்கார்ந்துவிட்டாள். கால் மறுபடி ஆடத் தொடங்கியது. "அதுக்கு ஒவ்வொண்ணையும் உக்காந்துல்ல கேக்கணும். நாப்பது துண்டுக்கும் நாப்பது நாடாவத் தேடி எடுத்து, முன்னாடி என்னா, பின்னாடி என்னா, யாரு யாரச் சொன்னா, யாரு சிரிச்சா... அப்புறமும் குணராஜா கேப்பாரு, 'இத ஏன் விட்டீங்க, அத ஏன் வெட்டினீங்க'ன்னு. ஒவ்வொண்ணுக்கும் நான் நின்னு பதில் சொல்லணும். வேலய விட்டு நிக்க இன்னும் ஆறு மாசந்தான் இருக்கு. ஒத்த வார்த்தைக்காக யாரு சாமி இம்புட்டுப் பாடு படுவா?"

சாமி பட்டியலை முன்னிருந்தபடியே நாலாக மடித்தார். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு ஆளு பட்டிருக்காரேக்கா. பொண்டாட்டிய இழுத்துக்கிட்டு, நடந்தே, அடுத்த தோட்டம் வரைக்கும்."